நரம்பு கிடைக்கலை

இன்னைக்கு எபிசோட்ல ஊசி இருக்கு, ரத்தம் இருக்கு, ஒரு பிரேதப் பரிசோதனையும் இருக்கு. டிபன் சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க, முடிச்சிட்டு வாங்க. நாங்க எங்கேயும் போக மாட்டோம்.

ஸ்ரீரங்கமோ தில்லைநகரோ உறையூரோ, எந்த ஏரியா லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போனாலும் ஒரு டயலாக் கேட்டிருப்பீங்க. முழங்கைக்கு மேல ரப்பர் பட்டையைக் கட்டி, ரெண்டு விரலால தட்டிப் பார்த்துட்டு அந்த அக்கா சொல்லுவாங்க: "நரம்பே கிடைக்கலையே, கையை நல்லா இறுக்கி மூடுங்க." அவங்க தேடுறது ரத்தம் ஓடுற குழாய். பாடப்புத்தகத் தமிழ்ல அதுக்குச் சிரைன்னு பேர். ஆனா யாரும் சிரைன்னு சொல்லிக் கேட்டதில்லை. புறங்கையில பச்சையா ஓடுறதும் நரம்பு, வலியை மூளைக்குக் கொண்டுபோறதும் நரம்பு, யாழ்ல கட்டுற தந்தியும் நரம்பு. நமக்கு மட்டும் இப்படி இல்லை. கிரேக்கத்துல நியூரான்ங்கிற சொல்லுக்கு முதல் அர்த்தமே தசைநார், வில்லுல கட்டுற நாண். தோலுக்கு அடியில கயிறு மாதிரி இருக்கிறது எல்லாத்துக்கும் ஒரே பேர்.

இந்தக் குழப்பத்தை அப்படியே ஒரு கேள்வியா மாத்திக்கலாம். அந்த அக்கா தேடுற நரம்புலேர்ந்து எடுக்கிற ரத்தத்தை வெச்சு, இன்னொரு நரம்புக்கு, அதாவது வலியைச் சொல்ற நரம்புக்கு, அடிபட்டிருக்கான்னு கண்டுபிடிக்க முடியுமா? கேட்க சின்னக் கேள்வியாத் தெரியும். இதுக்குப் பதில் தேடினவங்களோட கதையில ஒரு பெரிய பகுதி தமிழ்நாட்டுலதான் நடந்திருக்கு. அதுல ஒரு முக்கியமான ஆள் வளர்ந்த இடம், நீங்க லீவுக்குக் குளிக்கப் போற புளியஞ்சோலைக்கு நேர் மேல.

அதுக்கு முன்னாடி ஸ்ரீரங்கத்துல ஒரு நிமிஷம் நிப்போம். ரங்கநாதர் கோயிலுக்குள்ள தன்வந்திரி சன்னதி இருக்குன்னு பல பேருக்குத் தெரியும். அங்க ஒரு ஆஸ்பத்திரியே இருந்ததுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஆரோக்கியசாலைன்னு பேர். ஹொய்சளர்கள் இங்க சமயபுரம் பக்கத்துல கண்ணனூர்ல உட்கார்ந்து ஆண்ட காலத்துல வந்தது. அப்புறம் படையெடுப்புல சிதைஞ்சு போச்சு. கருடவாகன பட்டர்ங்கிறவர் அதைத் திரும்ப எடுத்துக் கட்டி, தன்வந்திரியைப் பிரதிஷ்டை பண்ணினார்னு 1493-ஆம் வருஷக் கல்வெட்டு சொல்லுது. அந்தக் காலத்து வைத்தியர் கையில இருந்த பெரிய கருவி நாடி. மணிக்கட்டுல மூணு விரலை வெச்சு வாதம், பித்தம், கபம் பார்ப்பாங்க. அதாவது ரத்தம் ஓடுற குழாயைத் தொட்டு, உடம்பு முழுக்க என்ன நடக்குதுன்னு ஊகிக்கிற முயற்சி. சித்த மருத்துவ நூல்கள் குட்ட நோயைப் பதினெட்டு வகையாப் பிரிச்சிருக்கு. தோல் மரத்துப்போறதை ஒரு அடையாளமா நம்ம வைத்தியர்கள் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. ஆனா தோல் ஏன் மரத்துப்போகுது, எங்க மரத்துப்போக ஆரம்பிக்குதுங்கிறது நாடியில தெரியாது.

ஏன் தெரியாதுன்னு எங்க வேலை பாஷையில சொல்றேன். ஒரு சர்வர்ல பிரச்சினைன்னா அலர்ட் வரும். ஆனா அலர்ட் அனுப்புற புரோகிராமே படுத்துட்டா? டேஷ்போர்டு பச்சையாவே இருக்கும். ராத்திரி நிம்மதியாத் தூங்குவீங்க. காலையில வந்து பார்த்தா எல்லாம் போயிருக்கும். புற நரம்பு, அதாவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியில கை, கால், முகம்னு ஓடுற நரம்பு, இப்படித்தான் செத்துப்போகும். வலியைச் சொல்ற வயரே அறுந்தா, அறுந்த செய்தியைக் கொண்டுபோக வேற வயர் ஏது? வெட்டுக்காயம், எலும்பு முறிவுன்னா உடனே தெரியும். மெதுவாச் சாகுற நரம்பு பெரும்பாலும் வலிக்காமத்தான் சாகும்.

இதை உலகத்துக்குப் புரிய வெச்ச நோய் தொழுநோய். புரிய வெச்ச இடங்கள்ல முக்கியமானது, நம்ம செங்கல்பட்டும் வேலூரும்.

துறையூர்ல நின்னு மேற்கே பார்த்தா தெரியுறது கொல்லிமலை. அந்த மலை மேல வாழ்ந்த ஒரு இங்கிலீஷ் மிஷனரி தம்பதிக்கு 1914-ல பையன் பிறந்தான். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். பையன் பேர் பால் பிராண்ட். மலையில டாக்டர் கிடையாது. மருத்துவத்துல கொஞ்சம் பயிற்சி எடுத்திருந்த ஜெஸ்ஸிதான் பல்லும் பிடுங்குவார், புண்ணுக்கும் கட்டுப் போடுவார். ஒருநாள் தொழுநோய் வந்தவங்க மூணு பேர் வீட்டுக்கு வந்தாங்க. யாரையும் கூச்சமில்லாமத் தொட்டு வைத்தியம் பண்ற அப்பா, அன்னைக்குப் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிட்டு, கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டார். அந்தக் காட்சி பையன் மனசுல தங்கிடுச்சு.

ஒன்பது வயசுல பாலைப் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பிட்டாங்க. 1929-ல ஜெஸ்ஸி மலேரியாவோட கொடூரமான வடிவமான கருநீர்க் காய்ச்சல்ல கொல்லிமலையிலேயே இறந்துபோனார். அம்மா மலையை விடலை. 1974-ல சாகிற வரைக்கும் இந்தப் பக்கத்து மலைகள்ல அலைஞ்சு வேலை பார்த்தாங்க. அவங்களுக்கே தனியா ஒரு எபிசோட் போடணும்.

பால் முதல்ல கட்டட வேலை கத்துக்கிட்டார். தச்சு, கொத்து எல்லாம். அப்புறம்தான் லண்டன்ல மருத்துவம். 1946-ல வேலூர் சிஎம்சிக்கு அறுவைச் சிகிச்சை டாக்டரா வந்தார். அப்போ சிஎம்சியில இருந்த ராபர்ட் காக்ரேன், தொழுநோய்ல பெரிய பேர். செங்கல்பட்டு திருமணியில இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையையும் அவர்தான் பார்த்துக்கிட்டார். அடுத்த வருஷம் பிராண்டை அங்கே கூட்டிட்டுப் போனார். அங்கே விரல் எல்லாம் உள்பக்கமா மடங்கி, பறவைக் கால் மாதிரி ஆகிப்போன கை ஒண்ணைப் பிராண்ட் பார்த்தார். அந்த நோயாளிகிட்ட, என் கையை முடிஞ்ச அளவுக்கு அழுத்துங்கன்னு கேட்டார். லேசா இருக்கும்னு நினைச்சார். அந்த ஆள் பிடிச்ச பிடியில பிராண்டுக்கு வலி உயிர் போச்சு.

கவனிங்க, கதையே இங்கதான் திரும்புது. கை பார்க்கச் செத்த கை மாதிரி இருக்கு. ஆனா அழுத்துற தசை முழு பலத்தோட இருக்கு. அப்படின்னா நோய் கை முழுக்கத் தின்னலை. ஏதோ சில தசைகளுக்குப் போற லைன் மட்டும் கட் ஆயிருக்கு. எங்க கட் ஆச்சு? அதுக்குப் பதில் வெளியில தெரியாது. நரம்பை நீளவாக்குல திறந்து பார்த்தாத்தான் தெரியும். உயிரோட இருக்கிறவங்ககிட்ட அதைச் செய்ய முடியாது.

கொஞ்ச காலம் கழிச்சு செங்கல்பட்டுல ஒரு நோயாளி இறந்துட்டார். இறுதிச் சடங்குக்கு முன்னாடி சில மணி நேரம்தான் இருக்கு. பிராண்டும் கூட இருந்தவங்களும் வேலூர்லேர்ந்து ராத்திரியோட ராத்திரியா வந்து, லாந்தர் வெளிச்சத்துல கை, கால் நரம்பு ஒவ்வொண்ணா வெளியில எடுத்துப் பார்த்தாங்க. நரம்பு எல்லா இடத்துலயும் வீங்கியிருக்கலை. முழங்கைக்குக் கொஞ்சம் மேல, மணிக்கட்டுல, முழங்கால் பக்கத்துல, கணுக்கால்ல, இப்படிக் குறிப்பிட்ட இடங்கள்ல மட்டும் தடிச்சிருந்தது. அந்த இடங்களுக்கு எல்லாம் ஒரு ஒற்றுமை: நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்துல ஓடுற இடம். அதாவது உடம்புல குளிர்ச்சியான இடம். தொழுநோய்க் கிருமிக்குச் சூடு ஆகாது. மாட்டின இடத்துக்குக் கீழே இருக்கிற தசை செத்துடுது. அதுக்கு மேலேயே லைன் வாங்கிட்ட தசை நல்லா இருக்கு. அந்த ஆளோட இரும்புப் பிடிக்கும் விளக்கம் கிடைச்சிடுச்சு.

இதை வெச்சுத்தான் நல்ல தசையோட நாணை மடங்கின விரலுக்கு மாத்திக் கட்டுற ஆபரேஷனை வேலூர்ல தொழுநோயாளிகளுக்குப் பெரிய அளவுல பண்ண ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு கசப்பான பாடமும் கிடைச்சது. ஆபரேஷன் பண்ணி நல்லாக்கின கையில திரும்பத் திரும்பக் காயம். சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தா விரல்ல ஒரு பகுதியைக் காணோம். காவல் இருந்து பார்த்தப்போதான் தெரிஞ்சது, எலி கடிச்சிருக்கு. கடிக்கிறது தெரியாமத் தூங்கியிருக்காங்க. அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்பிப் போறவங்க கையில ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினாங்க. தொழுநோய் விரலை அழுகி விழ வைக்குதுன்னு ஊரெல்லாம் நம்பிக்கிட்டிருந்த காலம் அது. கிருமி விரலைத் தின்னலை, கிருமி நரம்பைக் கொன்னது, மீதியை அடுப்பும் ஆணியும் எலியும் பார்த்துக்கிச்சுன்னு நிரூபணமாச்சு.

சரி. அப்போ எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. நரம்பு மரத்துப்போக ஆரம்பிச்சு ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சா, ஸ்டீராய்டு கொடுத்துப் பல பேருக்குத் திரும்பக் கொண்டுவர வாய்ப்பு இருக்கு. அதைத் தாண்டிட்டா நம்பிக்கை ரொம்பக் குறைவு. 1980-கள்லேர்ந்து வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொன்னுடும். செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. இன்னும் மோசம், சில பேருக்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே உடம்போட எதிர்ப்புச் சக்தி கிளம்பி, கிருமியோட சேர்த்து நரம்பையும் அடிச்சு நொறுக்கும். அதனால மாசா மாசம் யாராவது நரம்பைப் பரிசோதிச்சுக்கிட்டே இருக்கணும்.

எதை வெச்சு? 1896 வாக்குல மாக்ஸ் ஃபான் ஃப்ரைங்கிற ஜெர்மன்காரர் குதிரை முடியைக் குச்சியில ஒட்டி, தோல்ல குத்தி, எந்த முடி வளையும்போது உணர்ச்சி தெரியுதுன்னு அளந்தார். 1960-ல ஜோசபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன்னு ரெண்டு பேர் குதிரை முடிக்குப் பதிலா நைலான் இழை கொண்டுவந்தாங்க. 200 மில்லிகிராம் அழுத்தத்துல வளையுற இழை, 2 கிராம், 10 கிராம்னு ஒரு செட். கண்ணை மூடிக்கோங்க, எங்க தொடுறேன் சொல்லுங்க. அவ்வளவுதான் டெஸ்ட். நம்ம ஊர் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கிட்ட அதுவும் இருக்காது, பால்பாயிண்ட் பேனாதான். உள்ளங்கையில புள்ளி வெப்பாங்க. தெரியுதா, தெரியலையா. திருச்சி பாத்திமா நகர்ல ஹோலி ஃபேமிலி ஹான்சனோரியம்னு ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. இப்படி ஆஸ்பத்திரிகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. எங்க போனாலும் அடிப்படை ஒண்ணுதான், நோயாளி வாயைத் திறந்து "தெரியுது" சொல்லணும். அவர் பயத்துல பொய் சொல்லலாம், ஊகிச்சுச் சொல்லலாம், மத்தியான வெயில்ல களைச்சுப்போய் எதையாவது சொல்லலாம். அதைவிட முக்கியம், அவருக்குத் தெரியாமப் போற நேரத்துல நிறைய இழை ஏற்கெனவே செத்திருக்கும்.

அதனாலதான் ரத்தம். ரத்தம் பொய் சொல்லாதுன்னு ஒரு நம்பிக்கை. ஆனா ரத்தத்துகிட்ட என்ன கேட்கிறோம்ங்கிறதுலதான் பிரச்சினை ஆரம்பம்.

1971-ல அமெரிக்காவுல ஆர்மடில்லோங்கிற ஓடு போட்ட பிராணிக்குள்ள தொழுநோய்க் கிருமியை வளர்க்க முடியும்னு கண்டுபிடிச்சாங்க. அதோட உடம்புச் சூடு நம்மைவிடக் குறைவு. செங்கல்பட்டு லாந்தர் வெளிச்சத்துல தெரிஞ்ச அதே குளிர்ச்சி விஷயம்தான். அதுவரைக்கும் இந்தக் கிருமியை டெஸ்ட் டியூப்ல யாராலயும் வளர்க்க முடியலை, இன்னைக்கு வரைக்கும் முடியலை. ஆர்மடில்லோவால கிராம் கணக்குல கிருமி கிடைச்சது. அதுலேர்ந்து 1980-களோட தொடக்கத்துல பேட்ரிக் பிரென்னன் குழு, வேற எந்தக் கிருமிகிட்டயும் இல்லாத ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருளைப் பிரிச்செடுத்தாங்க. சுருக்கமா பிஜிஎல்-1. ஒருத்தர் ரத்தத்துல இதுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கான்னு பார்த்தா நோய் தெரியும்ங்கிறதுதான் ஐடியா. உலகமே குதிச்சது.

அப்புறம் ஒரு ஆச்சரியம். 2000-ல அனுர ரம்புக்கனவோட குழு, இதே பிஜிஎல்-1தான் நரம்பைச் சுத்தியிருக்கிற ஷ்வான் செல்லோட உறையில போய் ஒட்டுற பிடிமானம்னு காட்டினாங்க. அதாவது டெஸ்ட் தேடுற பொருளும், நரம்புக்குள்ள நுழையுற சாவியும் ஒண்ணு. இதுக்கு மேல என்ன வேணும்?

வேணும். ஏன்னா அந்த ஆன்டிபாடி சொல்றது உடம்புல எவ்வளவு கிருமி இருக்குங்கிறதை. எவ்வளவு நரம்பு போச்சுங்கிறதை இல்லை. கிருமி நிறைய இருக்கிறவங்களுக்கு டெஸ்ட் பெரும்பாலும் பாசிட்டிவ். கிருமி கொஞ்சமா இருக்கிற வகையில பெரும்பாலும் நெகட்டிவ், ஆனா அவங்கள்லயும் நரம்பு போகும், சில பேருக்கு சீக்கிரமாவும் போகும். இன்னொரு பக்கம், நோயாளி வீட்டுல இருக்கிற, கடைசி வரைக்கும் நோயே வராத ஆளுக்கும் பாசிட்டிவ் வரலாம். தொழுநோயாளிகளைப் பிரிச்சு வைக்கிற 1898-ஆம் வருஷச் சட்டம் நம்ம நாட்டுல 2016-ல தான் ரத்தாச்சு. தொழுநோய் இருந்தா விவாகரத்து வாங்கலாம்ங்கிற விதியை 2019-ல தான் எடுத்தாங்க. இப்படிப்பட்ட நாட்டுல ஒரு "பாசிட்டிவ்" சீட்டு ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

இதே கோளாறு நம்ம வீட்டு லேப் ரிப்போர்ட்லயும் இருக்கு. அப்பாவுக்குக் கால் எரியுது, மரத்துப்போகுதுன்னு போனா என்ன டெஸ்ட் எழுதுவாங்க? சுகர், எச்பிஏ1சி, பி12, தைராய்டு. எல்லாம் தேவையான டெஸ்ட், தப்பே இல்லை. ஆனா எல்லாமே காரணத்தைத் தேடுற டெஸ்ட். யார் அடிச்சான்னு கேட்கிறோம். அடிபட்டவன் எப்படி இருக்கான்னு யாரும் கேட்கலை. பல வருஷமா ரத்தத்துல அதைக் கேட்க வழியும் இல்லை.

கேட்க முயற்சி பண்ணினவங்க உண்டு. இந்தக் கதையில தமிழ்நாட்டுக்கு வெளியில போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது. 2000-கள்ல உத்தரப் பிரதேசத்துல நைனி, ஃபைசாபாத் ஆகிய ரெண்டு தொழுநோய் ஆஸ்பத்திரிகள்ல இன்ஃபிர்ங்கிற பெரிய ஆய்வு நடந்தது. புதுசா நோய் கண்டுபிடிச்ச 303 பேரைத் தொடர்ந்து கவனிச்சாங்க. நைலான் இழை, தசை பலம், நரம்புல கரண்ட் எவ்வளவு வேகமாப் போகுது, எவ்வளவு சூட்டுல சூடுன்னு உணர்றாங்க, எல்லாம் பார்த்தாங்க. ரத்தத்துல பிஜிஎல்-1 ஆன்டிபாடியோட நிறுத்தலை. ஷ்வான் செல்லுல இருக்கிற எஸ்100ங்கிற புரதத்துக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கா, நரம்பு உறையில இருக்கிற செரமைடுங்கிற கொழுப்புக்கு எதிரா இருக்கா, வீக்கத்தைக் கிளப்புற டிஎன்எஃப் எவ்வளவுன்னு எல்லாத்தையும் அளந்தாங்க. சிந்தனை சரியான திசையில வந்துடுச்சு பாருங்க, நரம்போட பாகங்களைப் பத்தி ரத்தத்துகிட்ட கேட்க ஆரம்பிச்சுட்டாங்க.

முடிவு? நைலான் இழையில குறை தெரியுறதுக்குப் பன்னிரண்டு வாரம் முன்னாடியே கரண்ட் டெஸ்ட்லயும் சூடு டெஸ்ட்லயும் மாற்றம் தெரிஞ்சது. மூணு மாசம்! ஆறு மாசக் கெடுவுல பாதி. அதாவது நரம்பு அவ்வளவு நாளா அடிவாங்கிக்கிட்டு இருந்திருக்கு, நோயாளிக்கும் தெரியலை, பரிசோதிக்கிறவங்களுக்கும் தெரியலை. என்னைக் கேட்டா இந்த ஆய்வோட பெரிய கண்டுபிடிப்பே இந்த மூணு மாசம்தான். ஆனா ரத்தத்துல அளந்த எதுவும், இதைப் பார்த்து இவருக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம்னு சொல்ற அளவுக்குத் தேறலை. கரண்ட் டெஸ்டுக்கான மெஷினைத் தூக்கிக்கிட்டு கிராமம் கிராமமாப் போகவும் முடியாது.

அடிபட்டவனையே நேரடியாப் பார்க்கிற டெஸ்ட் வேற வழியில வந்தது. நரம்பு செல்லோட நீளமான வால் இருக்கு, ஆக்ஸான். நம்ம முதுகுல ஆரம்பிச்சுக் கால் கட்டைவிரல் வரைக்கும் ஒரே செல்லா நீளுற ஆக்ஸான்கள் உண்டு. அவ்வளவு நீளத்துக்கு உள்ளே சாரக்கட்டு வேணுமே? அந்தச் சாரக்கட்டுல முக்கியமானது நியூரோஃபிலமென்ட்ங்கிற புரதம். ஆக்ஸான் உடைஞ்சா சாரக்கட்டுத் துண்டுகள் வெளியில சிந்தும். அதுல சின்னத் துண்டு, நியூரோஃபிலமென்ட் லைட், ரத்தத்துல கலக்கும். எவ்வளவு? ஆரோக்கியமான இளைஞர் ரத்தத்துல ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம். பிகோகிராம்னா ஒரு கிராம்ல லட்சம் கோடியில ஒரு பங்கு. பொருள் இருக்குன்னு தெரியும், பிடிக்கத்தான் முடியலை. 1971-லேர்ந்து லேப்கள்ல ஓடுற எலைசா முறைக்கு இது கண்ணுக்கே தெரியாது. அதனால முதுகுல ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துத்தான் அளந்தாங்க.

2010-ல அமெரிக்காவுல டேவிட் வால்ட் குழு ஒரு தந்திரம் பண்ணினாங்க. மொத்தமா எவ்வளவு பிரகாசம்னு அளக்காம, ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியா ஒரு நுண்ணிய குழியில அடைச்சு, எத்தனை குழி ஒளிருதுன்னு எண்ணினாங்க. எண்ணெய் எவ்வளவுன்னு அளக்கிறதை விட்டுட்டு, கார்த்திகை தீபத்துல எத்தனை அகல் எரியுதுன்னு எண்ற மாதிரி. இருக்கா, இல்லையா, ஒண்ணு, பூஜ்யம். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. அனலாக் பிரச்சினையை டிஜிட்டலா மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் கையில எடுக்கிற ரத்தமே போதும்னு ஆச்சு.

அப்புறம் வரிசையா வந்தது. 2018-ல பரம்பரையா வர்ற புற நரம்பு நோயான சார்கோ-மாரி-டூத் இருக்கிறவங்க ரத்தத்துல இந்த அளவு கூடியிருக்குன்னு லண்டன், ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினாங்க. அதே வருஷம் இத்தாலியில எலிகளுக்கு வின்கிரிஸ்டின்ங்கிற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க, நரம்பு கெடக் கெட ரத்தத்துல அளவு ஏறுச்சு. வின்கிரிஸ்டின் எதுலேர்ந்து வருதுன்னு தெரியுமா? நித்தியகல்யாணி. வாசல்ல தண்ணி ஊத்தாமலே பூக்குமே, அதே செடி. புற்றுநோயைக் கொல்லும், கூடவே கை கால் நரம்பையும் கெடுக்கும். டோஸை எப்போ குறைக்கணும்னு டாக்டருக்கு முன்கூட்டியே சொல்ற ஒரு ரத்த எண் கிடைச்சா, எவ்வளவு பேருக்குக் கை மிஞ்சும்னு யோசிங்க.

விபத்துல அடிபடுறவங்களுக்கும் இதே தவிப்பு உண்டு. திருச்சி-சென்னை ஹைவேயில பைக்ல விழுந்து தோள் இழுத்துக்கிட்டவங்க கதை உங்க ஃபிரண்ட்ஸ் வட்டத்துலயே இருக்கும். 1943-ல செடன்ங்கிற இங்கிலீஷ் டாக்டர் நரம்புக் காயத்தை மூணாப் பிரிச்சார்: அதிர்ச்சியில நின்னுபோனது, உள்ளே ஆக்ஸான் அறுந்து உறை மட்டும் நிக்கிறது, மொத்தமா துண்டானது. முதலாவது தானாச் சரியாகும். கடைசிக்கு ஆபரேஷன் வேணும். முதல் நாள் பார்க்க மூணும் ஒரே மாதிரி, கை அசையாது. கரண்ட் டெஸ்ட் தெளிவாச் சொல்ல மூணு வாரம் ஆகும். அதுக்கப்புறமும் பல கேஸ்ல சில மாசம் காத்திருந்து பார்ப்பாங்க. நரம்பு வளர்றதோ ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். தசை அதுவரைக்கும் காத்திருக்காது. ஒண்ணரை வருஷம் லைன் வரலைன்னா அது கிட்டத்தட்டக் கைவிட்டுடும். ஆக்ஸான் அறுந்ததா இல்லையான்னு முதல் வாரத்துலயே ரத்தம் சொன்னா, அந்தக் காத்திருப்புல எவ்வளவோ மிச்சம்.

சொன்னா. அந்த "சொன்னா"வுலதான் எல்லாம் நிக்குது. ஏன்னா நியூரோஃபிலமென்ட் மூளையிலயும் இருக்கு. பைக்ல விழுந்தவருக்குத் தலையிலயும் அடின்னா, ரத்தத்துல சிந்தினது எங்கேர்ந்து வந்ததுன்னு பிரிக்க முடியாது. வயசானா அளவு தானாக் கூடும். கிட்னி சரியா வேலை செய்யலைன்னாலும் கூடும். சர்க்கரை நோயாளிக்கு நரம்பும் கெடும், கிட்னியும் கெடும், வயசும் ஆயிருக்கும். ஐசிஎம்ஆர் ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல. அதிகமாத் தேவைப்படுற கூட்டத்துகிட்டதான் இந்த எண்ணைப் படிக்கிறது கஷ்டம்.

இதுக்கு மாற்று ஒண்ணு 2023-ல வந்தது. பெரிஃபெரின்னு ஒரு புரதம். பேர்லயே இருக்கு, பெரும்பாலும் புற நரம்புல மட்டும் இருக்கிற சாரக்கட்டு. கியாஂ-பாரே நோய்ல, அதாவது திடீர்னு கை கால் விழுந்துடுற அந்த நோய்ல, ரத்தத்துல பெரிஃபெரின் ஏறுது, மூளை சம்பந்தப்பட்ட நோய்கள்ல ஏறலைன்னு லண்டன் குழு ஒண்ணு காட்டியிருக்கு. மூளையா, புற நரம்பாங்கிற கேள்விக்கு முதல் முறையா ரத்தத்துலேர்ந்து ஒரு நேரடிப் பதில்.

பால் பிராண்ட் 1966-ல அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே போய் அவர் கவனிச்ச விஷயம், சர்க்கரை நோயாளிகளோட பாதப் புண்ணும் செங்கல்பட்டுல பார்த்த பாதப் புண்ணும் ஒண்ணுதான்ங்கிறது. ரெண்டுலயும் வலி இல்லாததுதான் நோய். தொழுநோய்ப் புண்ணுக்கு 1930-கள்லயே இலங்கையில மில்ராய் பால், இந்தியாவுல ஜோசப் கான் போட்டுப் பார்த்த மாவுக்கட்டு முறை, அவர் மூலமா அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னைக்கு டயபடிக் ஃபுட் கிளினிக்ல அப்பா பாதத்துல டாக்டர் ஒரு நைலான் இழையை வெச்சு அழுத்திப் பார்க்கிறாரே, 10 கிராம் இழை, அதுவும் தொழுநோய் ஆஸ்பத்திரிகள் வழியா வந்த வழக்கம்தான். பாதையை முதல்ல யார் போட்டாங்கன்னு பார்த்தா, யாரை ஊருக்கு வெளியில தள்ளி வெச்சோமோ அவங்க.

தொழுநோயை ஒழிச்சாச்சு, அது பழைய கதைன்னு நினைக்கிறவங்களுக்கு: பொதுச் சுகாதாரப் பிரச்சினைங்கிற நிலையைத் தாண்டிட்டோம்னு இந்தியா 2005 கடைசியில அறிவிச்சது. 2022-ல மட்டும் புதுசாக் கண்டுபிடிச்சவங்க ஒரு லட்சத்துக்கும் மேல. உலகத்துல பாதிக்கும் அதிகம் நம்மகிட்ட. அவங்க நரம்பைச் சோதிக்கிறது இப்பவும் பால்பாயிண்ட் பேனாதான். பிகோகிராம் எண்ற மெஷினோட விலையில ஒரு ஆரம்பச் சுகாதார நிலையமே கட்டலாம். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிச்சு, ஐஸ்ல வெச்சு, பெரிய ஊர் லேபுக்கு அனுப்பணும். இதுக்குத்தான் இப்போ சில ஆய்வாளர்கள், காகித அட்டையில காயவெச்ச ஒரு பொட்டு ரத்தத்துலேர்ந்து நியூரோஃபிலமென்டை அளக்க முடியுமான்னு பார்த்துக்கிட்டிருக்காங்க. முடிஞ்சா துறையூர்லேர்ந்து ஒரு கவர்ல போட்டு சாதாரணத் தபால்ல அனுப்பலாம். விரல் நுனியில ஒரு குத்து போதும், நரம்பு தேட வேண்டாம்.

இந்த எபிசோட் பத்திக் கேள்வி இருந்தா வழக்கம்போல வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. மூணு நிமிஷத்துக்குள்ள இருந்தாப் புண்ணியமாப் போகும்.